எம்-ஏ-சி போட்டா ஸ்காட்லாந்து, எம்-சி போட்டா அயர்லாந்தா? ஸ்காட்லாந்து குலப்பேர் இழை

9 ஜனவரி 2024, ஒரு வாசகர் கேட்டது

"என் டீம்ல ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் மெக்கன்சின்னுதான் பேர். ஒருத்தர் எம்-ஏ-சி-ன்னு ஆரம்பிச்சு எழுதுறார், இன்னொருத்தர் வெறும் எம்-சி. முதல் ஆள் ஸ்காட்லாந்து, ரெண்டாவது ஆள் அயர்லாந்துன்னு ஆபீஸ்ல அடிச்சு சொல்றாங்க. நிஜமா? கிளான்னா நம்ம ஜாதி மாதிரியா? ஸ்பெல்லிங்க வச்சு எந்த கிளான்னு சொல்லிட முடியுமா?"

9 ஜனவரி, இரவு

இல்ல. முதல் கேள்விக்கு இதுதான் பதில், இத எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏன்னா பதினோரு வருஷமா ஸ்காட்லாந்துல மருந்துக்கடை கவுண்டர்ல நிக்கிறேன், இப்போ மேற்குப் பக்கம் லூயிஸ் தீவுல, ஸ்டோர்னோவேல. இங்க பிரிஸ்கிரிப்ஷன் பை அடுக்குற ஷெல்ஃப்ல ஏ-லேர்ந்து எல் வரைக்கும் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம்னா, மேக் மட்டும் தனியா ஒரு பக்கம். அதுல எம்-ஏ-சி, எம்-சி எல்லாத்தையும் கலந்துதான் வைப்போம். பிரிச்சு வச்சா ராத்திரி வரைக்கும் தேடணும்.

இந்த 'மேக்', கேலிக் மொழில 'மாக்', அர்த்தம் மகன். கேலிக்ங்கிறது ஸ்காட்லாந்துல, முக்கியமா இந்த மேற்குத் தீவுங்கள்ல, பேசுற பழைய மொழி. (நம்ம மகனுக்கும் அதுக்கும் சொந்தம் கிடையாது, காதுக்கு ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான்.) ஐரிஷும் ஸ்காட்டிஷ் கேலிக்கும் ஒரே தாய்க்குப் பிறந்த மொழிங்க, ரெண்டுலயும் இதே சொல்தான். எம்-சி-ங்கிறது எழுதுறவன் கை வலிக்குதுன்னு சுருக்கினது. அதுக்கும் சுருக்கமா எம் போட்டு மேல ஒரு காற்புள்ளிய தலைகீழா வைக்கிற வழக்கமும் இருந்துச்சு, பழைய அச்சுப் புத்தகத்துல நிறைய பார்க்கலாம். பழைய லைப்ரரி கார்டுகள்ல இந்த மூணையும் எம்-ஏ-சி-ன்னு நினைச்சுத்தான் அடுக்குவாங்க. அயர்லாந்துக்குன்னு அடையாளம் வேணும்னா முன்னாடி 'ஓ' இருக்கான்னு பாருங்க, ஓ'பிரையன், ஓ'நீல் மாதிரி. ஓ-ன்னா பேரன் வழி. அது கிட்டத்தட்ட முழுக்க அயர்லாந்து சமாச்சாரம்.

ஜாதியான்னு கேட்டீங்க, அதுவும் இல்ல. கேலிக்ல கிளான்-ன்னா பிள்ளைங்க, ஒருத்தரோட வாரிசு. ஒரு தலைவன், அவன் நிலம், அவனை அண்டி இருக்கிறவங்க, எல்லாம் சேர்ந்தது. மேல கீழங்கிற அடுக்கு கிளானுக்குக் கிளான் கிடையாது. பங்காளிக்குள்ள கட்டக்கூடாதுங்கிற கட்டுப்பாடும் கிடையாது, ஒரே கிளானுக்குள்ளயே பொண்ணெடுப்பாங்க. இதுல இன்னொண்ணு, ஒரே கிளான் பேர் வச்சவங்க எல்லாம் ஒரே ரத்தம்னு நினைச்சுடாதீங்க. தலைவன் நிலத்துல குடியேறினவன் தலைவன் பேரை எடுத்துக்குவான். ஃப்ரேசர் கிளான்ல ஒரு வழக்குச் சொல்லே இருக்கு, 'மாவு மூட்டை ஃப்ரேசர்'னு. ஃப்ரேசர்னு பேர் மாத்திக்கிட்டா ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு குடுத்தாங்களாம். அந்தக் காலத்து மூட்டைன்னா சுமார் 63 கிலோ. பஞ்ச காலத்துல அது பேரைவிடப் பெருசு, நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்பெல்லிங்க வச்சு கிளான் சொல்ல முடியாது. முடிஞ்சுது.

11 ஜனவரி

'முடிஞ்சுது'ன்னு போட்டிருக்கக் கூடாது. நிறைய பேர் கேட்டுட்டாங்க, அப்போ ஸ்பெல்லிங் எப்படித்தான் இத்தனை வந்துச்சுன்னு.

ஹைலாண்ட்னா ஸ்காட்லாந்தோட வடமேற்கு மலைநாடு. அங்க சாதாரண ஜனங்களுக்குப் பல காலம் நிலையான குடும்பப் பேரே கிடையாது. இத நம்ம ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம், நமக்கும் இனிஷியல்தானே. அப்பா பேர் முன்னாடி நிக்கும், அடுத்த தலைமுறைல அது போயிடும், புதுசு வரும். அங்கயும் அதேதான். ஐயின் டோனில் அலஸ்டெர்னு ஒருத்தர சொன்னா, அலஸ்டெர் மகன் டோனில், அவர் மகன் ஐயின். இதுக்கு இங்க 'ஸ்லோன்யக்'னு பேர், வம்சத்தை வரிசையா சொல்றது. அஞ்சு தலைமுறை ஆறு தலைமுறை மூச்சு விடாம சொல்ற பெரியவங்க இன்னும் இருக்காங்க. மெக்டொனால்ட், மெக்ளவுட் எல்லாம் வெளியாளுக்குச் சொல்ற பேர், பட்டாளத்துல சேரும்போது, வாடகைக் கணக்குல, சர்ச் பதிவேட்டுல.

அந்தப் பதிவேட்டுலதான் கூத்தே. பேரைச் சொல்றவர் கேலிக்ல சொல்றார். எழுதுற குமாஸ்தா இங்கிலீஷ்ல எழுதுறார். சொல்றவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எழுதினது சரியான்னு பார்க்க வழியில்ல. குமாஸ்தா காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி. ஒரே அப்பாவோட மூணு பிள்ளைங்களுக்கு மூணு விதமா ஸ்பெல்லிங் இருக்கிற பக்கத்தை ஆவணக் காப்பகத்துல என் கண்ணால பார்த்தேன், ஒண்ணுல ஏ இருக்கு, ஒண்ணுல இல்ல, மூணாவதுல கடைசில ஒரு ஈ ஒட்டியிருக்கு, மூணும் ஒரே கையெழுத்து. அவருக்கே அது ஒரு பொருட்டா இல்ல.

அரசாங்கமே பிறப்பு இறப்பு பதிய ஆரம்பிச்சது 1855 ஜனவரி 1-ல. அதுக்கப்புறம்தான் ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சுச்சு.

12 ஜனவரி

மேக்பெத்தும் அப்போ பெத்தோட மகனான்னு கேட்டிருந்தீங்க. நல்ல கேள்வி, நான் சொன்னதுக்கு ஒரு விதிவிலக்கு. 1040-லேர்ந்து 1057 வரைக்கும் ஆண்ட அந்த ராஜாவுக்கு அது அப்பா வழிப் பேரே இல்ல, அவரோட சொந்தப் பேரு. உயிரின் மகன்னு அர்த்தம். அவங்க அப்பா பேரு ஃபின்லே. ஆக மேக் இருந்தாலே அப்பா பேர்னு நான் முதல் நாள் எழுதின மாதிரி தொனிச்சிருந்தா அதைத் திருத்திக்கோங்க.

இன்னொண்ணும் விட்டுட்டேன், மாக் மகனுக்கு மட்டும்தான். பொண்ணுக்கு 'நிக்'. கேலிக்ல பேசும்போது அண்ணன் மாக்-னா தங்கச்சி நிக். இங்கிலீஷ் பேப்பர்ல ரெண்டு பேரும் மேக். ஒரு டீச்சரம்மா என்கிட்ட சொன்னாங்க, 'நான் வீட்டுல ஒருத்தரோட மகள், மருந்துச் சீட்டுல மட்டும் ஒருத்தரோட மகன்'னு. கல்யாணம் ஆனாலும் ஸ்காட்லாந்துல பொண்ணோட பிறந்த வீட்டுப் பேர் தொலையாது, சட்டப் பத்திரத்துல ரெண்டு பேரையும் 'அல்லது' போட்டு எழுதுவாங்க, கல்லறைக் கல்லுலயும் பிறந்த வீட்டுப் பேர்தான் நிறைய இடத்துல இருக்கும். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

14 ஜனவரி

மெக்கன்சியோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல இருக்கிற இசட் பத்தி. இதுக்காகத்தான் நான் இந்த இழைல உட்கார்ந்ததே.

நான் ஸ்காட்லாந்து வந்து முதல் வேலை பெர்த்ஷயர்ல. ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, பை ரெடியானதும் பேரைக் கூப்பிடுறேன், மென்-ஸீஸ், மென்-ஸீஸ்னு. யாரும் வரல. முன்னாடி நாற்காலில ஒரு பாட்டி என்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. நாலாவது தடவை கூப்பிட்டதும் எழுந்து வந்து, 'அது மிங்-இஸ்மா, நீ புதுசு, பரவால்ல'ன்னாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. எழுத்துல எம்-ஈ-என்-இசட். இதுல மிங் எங்கேர்ந்து வந்துச்சு?

ஸ்காட்ஸ்ங்கிறது கேலிக் இல்ல, இங்கிலீஷுக்குத் தங்கச்சி மொழி. அதோட பழைய எழுத்துல 'யோக்'னு ஒரு எழுத்து இருந்துச்சு, பார்க்க 3 மாதிரி, வால் கீழ இறங்கி வளைஞ்சிருக்கும். யகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவுல ஒரு ஒலி. அச்சு இயந்திரம் வந்தப்போ எழுத்துப் பெட்டில யோக் கிடையாது. அச்சுக்காரங்க பார்த்தாங்க, வால் வச்ச இசட் கிட்டத்தட்ட அதே உருவம், அதை எடுத்து வச்சுட்டாங்க. கண்ணுக்குச் சரி, காதுக்குத் தப்பு. அப்புறம் படிக்கிறவன் இசட்டை இசட்டாவே படிச்சான்.

மென்சீஸை மிங்இஸ்னு சொல்றது இதனால. டால்-ஸீல்னு எழுத்துல இருக்கிற பேரை டீ-எல்னு சொல்லணும். எயர்ஷயர் கடற்கரைல ஒரு கோட்டை, எழுத்துப்படி கல்ஸீன், வாயால கலேன். பிரிட்டன்ல லிபரல் டெமாக்ராட் கட்சித் தலைவரா இருந்த சர் மென்சீஸ் கேம்பலை எல்லாரும் மிங்னு கூப்பிட்டதுக்கும் காரணம் இதே யோக்தான்.

இப்போ உங்க மெக்கன்சி. அதுலயும் இருக்கிறது இசட் இல்ல, யோக். கேலிக்ல மாக் கோன்யிஹ், கோன்யக்ங்கிறவரோட மகன், அழகன்னு பொருள். பழைய ஸ்காட்ஸ் உச்சரிப்பு மெக்கிங்கிக்குப் பக்கத்துல இருந்துச்சு. மென்சீஸ் குடும்பம் உச்சரிப்பை விட்டுக் குடுக்கல, மெக்கன்சிங்க எழுத்துக்குத் தோத்துட்டாங்க. இன்னிக்கு எந்த மெக்கன்சியும் தன்னை மெக்கிங்கின்னு சொல்றதில்ல.

இத படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னா எங்க அப்பா பேர்ல ஒரு ழ இருக்கு. பாஸ்போர்ட்ல அப்பா பேர்தான் என் குடும்பப் பேர். ழ-வுக்கு இங்கிலீஷ்ல எழுத்து இல்லாம இசட்-ஹெச் போட்டிருக்கு. இங்க எல்லாரும் என்னை ஸ போட்டுத்தான் கூப்பிடுறாங்க. பெட்டில இல்லாத எழுத்துக்கு இசட்டைத் தூக்கி வச்ச அதே கதை. எனக்கும் அந்தப் பாட்டிக்கும் நடுவுல அன்னிக்கு கவுண்டர்ல அதுதான் நடந்திருக்கு, ரெண்டு பேருக்கும் தெரியல.

15 ஜனவரி

மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடை பத்திக் கேட்டவருக்குச் சின்னதா ஒரு பதில்: அந்தக் கடை பேர்ல இருக்கிற சகோதரர்களோட அப்பா அம்மா அயர்லாந்துலேர்ந்து அமெரிக்கா போனவங்க. அவங்க எம்-சி-ங்கிறதால இந்தப் புரளி உறுதியாயிடுச்சுன்னு நினைக்கிறேன். ஆனா எதிர் உதாரணமும் எடுத்துக்கோங்க. 1924-ல பிரிட்டன்ல தொழிற்கட்சியோட முதல் பிரதமர் ஆன ராம்சே மெக்டொனால்ட், லாஸிமவுத்ங்கிற ஸ்காட்லாந்து மீன்பிடி ஊர்க்காரர். பிறந்தப்போ பதிவுல ஜேம்ஸ் மெக்டொனால்ட் ராம்சேன்னு எம்-சி-ல எழுதியிருக்கு. பின்னாடி அவர் எம்-ஏ-சி. ஆள் அதே ஆள்தான், ஏ மட்டும் நடுவுல வந்து சேர்ந்துச்சு.

18 ஜனவரி

'மெக்கே, மெக்காய், மெகீ மூணும் ஒண்ணுன்னு எங்கயோ படிச்சேன், நம்புற மாதிரி இல்லயே'ன்னு ஒருத்தர். நம்பலாம். நம்ம புணர்ச்சி விதி தெரிஞ்சவங்களுக்கு இது சுலபம்.

மாக் பின்னாடி வர்ற பேரு உயிரெழுத்துல ஆரம்பிச்சா, மாக்-ல உள்ள க் அடுத்த சொல்லுல போய் ஏறிக்கும். உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பேன்னு ஸ்கூல்ல ஒப்பிச்சோம்ல, அதே. ஆய்-ங்கிற பேரு, நெருப்புன்னு பொருள். மாக் + ஆய். க்-அ ஆய் மேல ஏத்தினா மெக்காய், மெக்கே. க் இளகி 'தங்கம்'ல வர்ற க மாதிரி ஒலிச்சா மெகீ. அடுத்து, மாக் பின்னாடி வர்ற மெய்யெழுத்து இளகும். ஃப இளகினா ஒலியே காணாம போயிடும். மாக் + ஃபின்லே, ஃப மறைஞ்சா இன்லே, க் ஏறினா மெக்கின்லே. மேக்பெத் ராஜாவோட அப்பா பேரும் அதேதானே, 12-ஆம் தேதி சொன்னேனே.

தொழிலும் இப்படித்தான் ஒளிஞ்சிருக்கு. தச்சனுக்கு கேலிக்ல 'ஸவர்'. 'அந்தத் தச்சனோட மகன்'னு சொல்லும்போது நடுவுல வர்ற சுட்டுச்சொல் ஒரு ட-வக் கொண்டு வந்து ஸ-வை விழுங்கிடும், மாக் அன் டயர், மெக்கின்டயர். டயர் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, எங்க வீட்டுல சின்னவன் கேட்டான். பாதிரி மகன் மெக்டேகர்ட்டும் இதே விதி. மடத்துத் தலைவன் மகன் மெக்நாப். கொல்லன் மகன்னு கேலிக்ல இருக்கிறவர், இந்தத் தீவுல, இங்கிலீஷ்ல வெறும் ஸ்மித்! மொழிபெயர்த்துட்டாங்க. அதனால மேக் இல்லைங்கிறதால அவர் ஹைலாண்ட்காரர் இல்லன்னு சொல்லிட முடியாது. மாரிசன்னு இங்க தெருவுக்கு நாலு வீடு, கேலிக்ல அவங்க மரியன்னையோட ஊழியன் மகன். தலைமுறை தலைமுறையா இந்தத் தீவுக்கு நீதி சொன்ன வம்சம் அவங்களோடது.

மெக்ளவுட் தனி. லியோட்டோட மகன். லியோட்ங்கிறது கேலிக்கே இல்ல, வைக்கிங்குங்க கொண்டுவந்த நார்ஸ் பேரு, அர்த்தம் அவலட்சணம். 1266 வரைக்கும் இந்தத் தீவெல்லாம் நார்வே ராஜாவுக்குக் கீழ. மெக்கைவர்ல இருக்கிற ஐவர், மெக்காலேல இருக்கிற ஓலாஃப், எல்லாம் கடல் வழியா வந்த ஆளுங்க. கேலிக் மாக், நார்ஸ் அப்பா, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்.

20 ஜனவரி

முதல் நாள் நான் எழுதினதுல ஒண்ணு மனசை அறுத்துட்டே இருக்கு. ஸ்பெல்லிங்குக்கு மதிப்பே இல்லங்கிற மாதிரி எழுதிட்டேன். மதிப்பு இருக்கு. ஏன்னு சொல்றேன்.

நாலஞ்சு வருஷம் முன்னாடி, வேற ஊர்ல வேற கடை. ரெண்டு அம்மா, ஒரே முதல் பேரு, குடும்பப் பேரு மெக்ளேன். ஒருத்தங்க எம்-ஏ-சி, இன்னொருத்தங்க எம்-சி. பை மேல ஒட்டுற லேபிள் எல்லாமே பெரிய எழுத்துல அச்சாகும், அவசரத்துல நடுவுல ஒரு ஏ இருக்கா இல்லயான்னு கண்ணு பார்க்காது. சனிக்கிழமை மத்தியானம், க்யூ வாசல் வரைக்கும். நான் பேரைக் கேட்டேன், விலாசத்தைக் கேட்கல. பையைக் குடுத்துட்டேன். அந்த அம்மா வாசல்கிட்ட நின்னு பையைத் திறந்து பார்த்துட்டுத் திரும்பி வந்தாங்க. 'கண்ணு, எனக்கு நீல மாத்திரை கிடையாதே.' அது 3 மில்லிகிராம் வார்ஃபரின், ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு. இவங்களுக்கு வேண்டியது தைராய்டு மாத்திரை. இங்க வார்ஃபரின் பழுப்பு, நீலம், ரோஸ்னு அளவுக்கு ஒரு நிறமா வருது, அந்த நிறம்தான் அன்னிக்கு ரெண்டு பேரையும் காப்பாத்துச்சு.

அன்னிலேர்ந்து பேர், பிறந்த தேதி, விலாசம், மூணும் கேட்காம ஒரு பையும் என் கையை விட்டுப் போறதில்ல. ஸ்காட்லாந்துல ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து இலக்க நம்பர் ஒண்ணு உண்டு, சி-ஹெச்-ஐ, இங்க அதை 'கை'ன்னே சொல்வாங்க, முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. கை நம்பர் பார்த்தியான்னு கூட வேலை செய்ற பொண்ணு கேட்கும்போதெல்லாம் எனக்கு என் கைதான் ஞாபகம் வரும்.

அதனால திருத்தம்: செத்துப்போனவங்க பேரைத் தேடும்போது ஸ்பெல்லிங்கை நம்பாதீங்க, எல்லா விதத்துலயும் தேடுங்க. உசுரோட இருக்கிறவங்க பேரை எழுதும்போது அவங்க எப்படி எழுதுறாங்களோ அப்படியே எழுதுங்க, ஒரு ஏ கூட விடாம, மெக்டொனால்ட்னா நடுவுல வர்ற டி பெரிய எழுத்தா சின்ன எழுத்தான்னும் கேட்டு.

21 ஜனவரி

நேத்து போட்டதுக்குக் கீழயே இன்னொரு திருத்தம். ஸ்பெல்லிங் கிளானைச் சொல்லாட்டியும் சில இடத்துல கிளையைச் சொல்லும். மல் தீவுல ரெண்டு அண்ணன் தம்பி, லாக்லன், ஹெக்டர், 14-ஆம் நூற்றாண்டு. லாக்லன் வழி டூவர்ட் கோட்டை மெக்ளேன். ஹெக்டர் வழி லாக்பூய் மெக்ளேன், அவங்க மட்டும் பேரைக் கடைசில ஏ-ஐ-என்-ஈ-ன்னு முடிப்பாங்க. மெக்டொனால்ட்ல க்ளென்கேரி கிளை மெக்டொனெல்னு கடைசில டி இல்லாம எல்-லோட நிப்பாங்க. ஆனா இது ஆளுங்க எழுத்து படிச்சு, பெருமைக்காகப் பிடிச்சு வச்சுக்கிட்டது. அதை ரத்தப் பரிசோதனை மாதிரி எடுத்துக்க வேண்டாம்.

25 ஜனவரி

இன்னிக்கு இங்க பர்ன்ஸ் ராத்திரி, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள் விருந்து. ஊரெல்லாம் ஹாகிஸ் வாசனை, ஆட்டு ஈரலும் ஓட்ஸும் சேர்த்து வேக வைக்கிற பண்டம் அது. இழைக்குத் தொடர்பு இருக்கு: ராபர்ட் பர்ன்ஸோட அப்பா தன் பேரை நடுவுல ஒரு ஈ போட்டு எழுதினவர். மகன் 1786-ல, முதல் கவிதைத் தொகுப்பு வந்த வருஷம், அந்த ஈ-யை எடுத்துட்டார். ஸ்காட்லாந்தே கொண்டாடுற பேரோட ஸ்பெல்லிங்குக்கு அவரோட அப்பாவை விட வயசு கம்மி.

மழைக்கோட்டும் இப்படித்தான். 1823-ல ரப்பர் பூசின துணிக்குப் பேட்டன்ட் வாங்கின சார்லஸ் மேக்கின்டாஷ் பேர்ல கே கிடையாது, கோட்டுக்கு மட்டும் நடுவுல கே முளைச்சிருச்சு. கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மேக்கின்டாஷ் கே-வோட எழுதுவார், அவங்க அப்பா எம்-சி-ஐ. கனடால ஒரு ஆப்பிள் பழம், எம்-சி-ஐ, அந்தப் பழத்துப் பேரை வச்ச கம்ப்யூட்டர் எம்-ஏ-சி-ஐ. எல்லாத்துக்கும் மூலம் ஒண்ணுதான், மாக் அன் டோஷி, தலைவனோட மகன்.

27 ஜனவரி

ஒருத்தர் எழுதியிருந்தார், 'ஸ்பெல்லிங் மாறினா என்ன குடி முழுகிடும், எழுதத் தெரியாம மாறினதுதானே'ன்னு. எல்லாம் அப்படி மாறல. சிலது உயிர் போகும்னு பயந்து மாறினது.

1603 பிப்ரவரில க்ளென் ஃப்ரூயின்ங்கிற பள்ளத்தாக்குல மெக்ரிகர் கிளானுக்கும் கொல்கூன் கிளானுக்கும் சண்டை. கொல்கூன் பக்கம் நிறைய சாவு. ரெண்டு மாசம் போகல, ஏப்ரல் 3-ல ஆறாம் ஜேம்ஸோட அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு, மெக்ரிகர்ங்கிற பேரே இருக்கக்கூடாது, வச்சிருந்தா மரண தண்டனை. ஆளை மட்டும் இல்ல, பேரையே. 1661-ல தடை நீங்குச்சு, 1693-ல திரும்பப் போட்டாங்க, 1774-லதான் முழுசா போச்சு. நடுவுல விட்ட இடைவெளியையும் சேர்த்தா ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் சுமார் 170 வருஷம். அத்தனை தலைமுறை மெக்ரிகருங்க மர்ரே, ட்ரம்மண்ட், கிராண்ட், கேம்பல்னு அக்கம்பக்கத்துத் தலைவன் பேருக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டாங்க. கிரெகரி, கிரியர்னு பாதிப் பேரை வச்சவங்களும் உண்டு. மெக்ரிகருங்கள்ல பேர் போன ராப் ராய் தன் அம்மா வீட்டுப் பேரான கேம்பலை வச்சிக்கிட்டார்.

யோசிச்சுப் பாருங்க, தாத்தா பேரன் காதுல மட்டும் சொல்லியிருப்பார், நாம நிஜத்துல மெக்ரிகர், வெளில சொல்லிடாதேன்னு. தடை நீங்கினப்போ சிலர் பழைய பேருக்குத் திரும்பினாங்க, சிலர் மர்ரேயாவே தங்கிட்டாங்க. இத எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்குது.

2 பிப்ரவரி

நம்ம ஊர்ப் பக்கம் கொஞ்சம். ஸ்டோர்னோவேன்னதும் யாராவது கேட்பீங்கன்னு காத்திருந்தேன். சென்னைல கீழ்த்திசைச் சுவடி நூலகத்துல மெக்கன்சி சுவடிகள் இருக்கே, அந்தக் காலின் மெக்கன்சி பிறந்தது இந்த ஊர்தான், 1754-ல. 1815-ல இந்தியாவோட முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். ஊர் ஊரா கல்வெட்டு, ஓலை, கோயில் வரலாறு, கிராமத்துக் கதைன்னு திரட்டினார். கம்பெனி அதிகாரம் அவர் பின்னாடி நின்னுதுங்கிறதையும் மறக்க வேண்டாம், ஆனா அந்தச் சுவடிங்க இல்லன்னா எத்தனையோ ஊரோட கதை நமக்குக் கிடைச்சிருக்காது. மெக்கன்சி கிளான் இந்தத் தீவைப் பிடிச்சது 1610-ல, அதுக்கு முன்னாடி மெக்ளவுட் கைல. அவர் பேர்ல இருந்த இசட்டும் யோக்தான். நாம எழுதுற 'சி'யும், 'ஸி'யும், ரெண்டுமே அந்த யோக் இல்ல.

தீவுத்திடல் குதிரை மேல உட்கார்ந்திருக்கிற மன்றோவும் ஸ்காட்லாந்து, பிறந்தது கிளாஸ்கோ, 1761. மன்றோ, மொன்ரோ, கடைசில ஈ வச்சது, வைக்காதது, எல்லாம் ஒரே கிளான். அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மொன்ரோவோட முன்னோரும் அதே கூட்டம். ஸ்காட்லாந்துல 3,000 அடிக்கு மேல இருக்கிற மலைங்களை மன்றோன்னே சொல்வாங்க, 1891-ல சர் ஹியூ மன்றோ போட்ட பட்டியலால வந்த பேரு. இப்போ 282 மலை. நான் மூணு ஏறியிருக்கேன், மூணுலயும் மழை.

பாரிமுனை பாரி ஸ்காட்லாந்து இல்ல, வேல்ஸ். ஆனா விதி ஒண்ணுதான். வேல்ஸ் மொழில மகனுக்கு 'அப்'. அப் + ஹாரி, பாரி. ஹாரி மகன். பஸ் கண்டக்டர் பாரிஸ் பாரிஸ்னு கத்தினப்போ அதுக்குள்ள ஒரு அப்பா பேரு இருந்திருக்கு.

13 பிப்ரவரி

இன்னிக்கு க்ளென்கோ நாள். க்ளென்கோங்கிறது ஹைலாண்ட்ல ஒரு பள்ளத்தாக்கு. 1692-ல இதே தேதி விடியுறதுக்கு முன்னாடி, தங்க இடம் குடுத்துச் சோறு போட்ட மெக்டொனால்டு வீடுங்கள்ல இருந்த சிப்பாய்ங்க அந்த வீட்டுக்காரங்களையே வெட்டினாங்க. 38 பேர். படைத் தலைவன் கேம்பல். அந்தப் பள்ளத்தாக்குல ஒரு விடுதி வாசல்ல 'கேம்பல்களுக்கு இடமில்லை'ன்னு இன்னும் பலகை தொங்குது, வர்றவங்க அதுகிட்ட நின்னு போட்டோ எடுத்துப்பாங்க. ஆனா உத்தரவு லண்டன் பக்கம் மேலேர்ந்து வந்தது, சிப்பாய்ங்க எல்லாரும் கேம்பலும் இல்ல. பேரை வச்சுப் பழி சுமத்துறது சுலபம்.

கேம்பல்னா கோணல் வாய். கேமரூன் கோணல் மூக்கு. ரெண்டும் யாரோ ஒரு தாத்தாவுக்கு ஊர் வச்ச பட்டப்பேர், நம்ம ஊர்ல வைக்கிற மாதிரியே. பழைய ஆவணத்துல கேம்பல்ல, 'பேப்பர்'ல வர்ற 'பி' எழுத்து நடுவுல கிடையாது. பின்னாடி லத்தீன் படிச்சவங்க அழகிய வயல்னு பொருள் வர்ற மாதிரி எழுதப் பார்த்தாங்க, கோணல் வாயை மறைச்சுட்டு. ஸ்டீவர்ட்-உம் ஸ்டூவர்ட்-உம் இதே ரகம்: ராஜா வீட்டு மேலாளர்ங்கிற பதவிதான் பேராச்சு. பிரான்ஸ்ல வளர்ந்த ஸ்காட்லாந்து ராணி மேரிக்குப் பிரெஞ்சுல டபிள்யூ கைவசம் இல்லாததால யு வந்துச்சு, ராணி எழுதினதால அது மேல்தட்டு ஸ்பெல்லிங் ஆச்சு.

18 பிப்ரவரி

கேள்வி கேட்டவருக்கு. உங்க ரெண்டு மெக்கன்சிகிட்டயும் ஸ்பெல்லிங்கைக் கேட்காதீங்க, தாத்தா எந்த ஊருன்னு கேளுங்க. ஊர் தெரிஞ்சா 1855-க்கு அப்புறம் உள்ள பதிவு கிடைக்கும், அதுக்கு முன்னாடி சர்ச் பதிவேடு, அங்க மட்டும் எல்லா ஸ்பெல்லிங்லயும் தேடச் சொல்லுங்க.

லூயிஸ்ல பெரியவங்க யாரைப் பார்த்தாலும் 'என்ன பேரு'ன்னு முதல்ல கேட்க மாட்டாங்க. 'கோ லேஷ் ஊ?'ம்பாங்க. நீ யாரைச் சேர்ந்தவ? எங்க ஆச்சி கேட்கிற 'நீ யாரு மவ?'தான் அது. நேத்து கடைல ஒரு தாத்தா, எண்பத்தஞ்சு இருக்கும், மாத்திரை எண்ணிட்டு இருக்கேன், அவர் நின்னுட்டே கேட்டார், கோ லேஷ் ஊன்னு. நான் அப்பா பேர், அவங்க அப்பா பேர், அவங்க அப்பா பேர்னு மூணு தலைமுறை சொல்லி, ஊர்ப் பேரையும் சொன்னேன். அவர் என் சட்டைல குத்தியிருந்த பேர் பட்டையைக் கிட்ட வந்து பார்த்துட்டு, இசட் மேல விரலை வச்சு, 'இது இசட் ஆகுறதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு?'ன்னார்.

பதினோரு வருஷத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல. சொல்லிக் குடுத்தேன். முதல் தடவை ல வந்துச்சு, ரெண்டாவது தடவை ர. மாத்திரை பைக்குள்ள போய் ரொம்ப நேரமாச்சு, பின்னாடி க்யூல ரெண்டு பேர், அவர் நகரல. மூணாவது தடவை நாக்கை மடிச்சு, ழ சொல்லிட்டார்.